வண்டிக்கு வந்த பதில்

முதலில் திரையில் வந்தது, காலணி கேட்டு ஒரு படை அதிகாரி எழுதிய கடிதம். பழுப்பேறிய தாள், மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு கிழிசல், துருவின் நிறத்துக்கு மாறிப்போன மை. கையெழுத்து மட்டும் அவ்வளவு அழகு. என் வீரர்கள் சேற்றில் வெறுங்காலோடு நடக்கிறார்கள், உடனே இத்தனை ஜோடி அனுப்புங்கள் என்பதுதான் விஷயம். அதைச் சத்தமாகப் படித்த சயாமா, "பாவம், அந்தக் குளிர்ல எப்படி நடந்தாங்களோ" என்றார். அந்தப் படைமீது அவர் இரக்கப்பட்டது அந்த ஒருமுறைதான்.

யாங்கோன் நகரத்துப் பபேடான் பகுதியில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். வெளிநாட்டு நூலகங்களில் கிடக்கும் பழைய கையெழுத்துத் தாள்களைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அவற்றை எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். ஆறு பேர் தட்டச்சு செய்தார்கள். நான் மேற்பார்வை. எல்லோருடைய வேலையையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது சயாமா. ஆசிரியையைப் பர்மியில் அப்படித்தான் அழைப்பார்கள். யாங்கோனுக்கு வடக்கே மாவ்பி என்ற ஊரில் பிறந்த தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழர்களான எங்களுக்கும் அவர் சயாமாதான். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போனபோது இனி பள்ளிக்கு வரமாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டவர்களில் ஒருவர். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டு, கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டபடி, தினமும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

அந்த முறை வந்தவை, அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில் நடந்த ஒரு கிளர்ச்சியைப் பற்றிய ராணுவக் கடிதங்கள். மேற்கு மலைப்பகுதி விவசாயிகள் தங்கள் தானியத்தைக் காய்ச்சிச் சாராயமாக்கி விற்றுப் பிழைத்தார்கள். புதிய அரசு அந்தச் சாராயத்துக்கு வரி போட்டது. அவர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். அரசு பெரும்படை ஒன்றை மலை தாண்டி அனுப்பியது. படை போய்ச் சேர்வதற்குள் கிளர்ச்சி ஓய்ந்துவிட்டது. ஆனால் அவ்வளவு தூரம் போன படை வெறுங்கையோடு திரும்புமா? வீடு வீடாகப் போய் ஆட்களைப் பிடித்தார்கள். பிடித்தவர்களில் சிலரைக் குளிர்காலத்தில் மலைப்பாதை வழியே தலைநகருக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர்மீது கடைசியில் எந்தக் குற்றமும் நிற்கவில்லை. இதெல்லாம் எங்களுக்குச் சயாமா சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு அது வெறும் வேலை.

அவருக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. போகப் போக அந்தக் கடிதங்களின் மொழி அவரை எரிச்சல்படுத்தத் தொடங்கியது. அவற்றில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாக நடந்துவிடும். வீடு சோதிக்கப்பட்டது. தானியம் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆட்கள் அழைத்துவரப்பட்டனர். மாவு வந்து சேரவில்லை என்று ஒரு பக்கம் முழுக்கப் புலம்புகிற அதிகாரி, கொட்டிலில் அடைத்து வைத்த மனிதர்களைப் பற்றி அரை வரியில் முடித்துவிடுவார். "யார் சோதிச்சாங்க? யார் கூட்டிட்டு வந்தாங்க? ஒரு பேர் இல்ல பாருங்கண்ணே" என்பார் என்னிடம். நான் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய விஷயத்துக்கு இப்போது எதற்குக் கோபம் என்பது என் நினைப்பு.

இரண்டாவது மாதத்தில் சயாமாவின் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

தம்பி மாவ்பியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தான். ஒரு காலை மோட்டார் சைக்கிளின் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவனைச் சாலைத் தடுப்பில் நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு லாரியில் ஏற்றினார்கள். பக்கத்தில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் ஓடிவந்து வீட்டில் சொன்னார். பர்மாவில் எங்கள் ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். அட்டையில் இருப்பது பர்மியப் பெயர். ஒரே ஊரில் அதே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். மலைப்பக்கம் ஆயுதம் எடுத்தவர்களுக்குச் சாமான் கொண்டுபோகிற ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தப் பெயரோடு கூடையும் வண்டியுமாக வந்தவன் போதுமானவனாக இருந்தான்.

சயாமா ஒரு நாள்கூட அலுவலகத்தில் அழவில்லை. மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு மனு எழுதுவார். வார்டு அலுவலகத்துக்கு, போலீசுக்கு, மாவட்டத்துக்கு, சாலைத் தடுப்பு எந்த முகாமைச் சேர்ந்ததோ அந்த முகாமுக்கு. என் தம்பி நிரபராதி, அப்பா பெயர் இன்னது, அட்டை எண் இன்னது, அவன் இருக்கும் இடத்தை மட்டுமாவது சொல்லுங்கள் என்று. பதில் வராது, அல்லது ஒரு வரியில் வரும்: அப்படி ஒருவர் எங்கள் பதிவேட்டில் இல்லை. முகாம் வாசலில் மனு வாங்குகிற எழுத்தர் ஒருவர் இருந்தார். மரியாதையான ஆள். ஒவ்வொரு முறையும் பர்மியில் ஒரே பதிலைத்தான் சொல்வாராம்: "அப்படி யாரும் இங்க இல்ல, சயாமா. இருந்தா ரிஜிஸ்டர்ல இருக்கும்ல?"

நான் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். முகாமுக்குத் துணைக்கு வாங்க அண்ணே என்று ஒரு முறை கேட்டார். எனக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீனிலிருந்து தினமும் வந்து போகிறவன், எந்தப் பட்டியலிலும் என் பெயர் ஏறக்கூடாது என்று நினைத்தேன். வேலை இருக்கிறது என்றேன். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. அவருக்கு விடுப்பு மட்டும் தாராளமாகக் கொடுத்தேன். அதையே பெரிய உதவியாக நினைத்துக்கொண்டேன்.

தம்பியைப் பிடித்த ஐந்தாம் மாதம் அந்தக் கடிதங்களுக்கு நடுவே வேறு மாதிரியான ஒரு தாள் வந்தது. பெரிய பெரிய எழுத்து, எழுதிப் பழகாத கை. ஒரு விவசாயியின் மனைவி படைத் தலைவருக்கு எழுதியது. என் கணவரைப் படுக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள், அவர் எந்தக் கூட்டத்துக்கும் போனவர் இல்லை, அதே பெயரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இருக்கிறார், விசாரித்துப் பாருங்கள் என்று கேட்டிருந்தாள். மற்றவர்கள் ஒதுக்கிவிட்ட அதைச் சயாமா தானே தட்டச்சு செய்யும்போது நான் பின்னால் நின்றேன். எங்களுக்கு வந்த உத்தரவு, ராணுவத்தினர் எழுதியவை மட்டும், மற்றவற்றை விட்டுவிடவும் என்பது.

"இது ராணுவக் கடிதம் இல்ல, சயாமா. விட்டுடுங்க."

"ராணுவத்துக்கு எழுதினதுதானே அண்ணே?"

"ராணுவம் எழுதலையே."

அவர் அந்தத் தாளின் மறுபக்கப் படத்தைத் திறந்தார். அங்கே ஓர் அதிகாரியின் அழகான கையெழுத்து இருந்தது. கணவனுக்கு என்ன ஆனது என்று ஒரு சொல் இல்லை. ஆனால் அந்தப் பண்ணையிலிருந்து எடுத்த இரண்டு குதிரைகளைப் பற்றி இருந்தது. ஒன்று செம்பழுப்பு, மற்றதற்கு நெற்றியில் வெள்ளை, ஒரு சேணம், இத்தனை மூட்டை ஓட்ஸ். யாரிடமிருந்து, எந்த நாளில், எந்தப் படைப்பிரிவின் உபயோகத்துக்கு என்று எல்லாம். கணவனின் முழுப்பெயரும் அங்கேதான் இருந்தது, குதிரையின் சொந்தக்காரனாக.

சயாமா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் நின்று மின்விசிறி அடங்கி, பேட்டரியில் திரை மட்டும் எரிவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பிறகு என்னிடம், "ஆளைக் கேட்டா சொல்ல மாட்டாங்க அண்ணே. சாமானைக் கேட்டா சொல்லுவாங்க" என்றார்.

அந்த மோட்டார் சைக்கிள் சயாமாவின் பெயரில் பதிவானது. பள்ளி வேலையில் இருந்த காலத்தில் வாங்கியது. யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதியில்லை என்பதால் மாவ்பியில் தம்பியிடமே இருந்தது. அன்று மாலையே முகாமுக்குப் புதிய கடிதம் எழுதினார். அதில் தம்பி என்ற சொல்லே இல்லை. இன்ன எண்ணுள்ள சிவப்பு மோட்டார் சைக்கிள் என் பெயரில் உள்ளது, இன்ன தேதியில் இன்ன தடுப்பில் கைப்பற்றப்பட்டதாக அறிகிறேன், வண்டி எந்த நிலையில் எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

பதினோராம் நாள் பதில் வந்தது. ஐந்து மாதம் ஒரு மனிதனைக் கேட்டு வாயைத் திறக்காதவர்கள், ஒரு வண்டிக்குப் பதினொரு நாளில் முத்திரை வைத்து ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். நிறம் சிவப்பு, பின் டயர் தேய்ந்தது, இடது கண்ணாடி உடைந்தது, பிரம்புக் கூடை ஒன்று. கைப்பற்றிய நாள், நேரம். யாரிடமிருந்து என்ற இடத்தில் தம்பியின் பெயர், அட்டை எண், அப்பா பெயர். அப்பா பெயர்! எந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லி சயாமா ஐந்து மாதமாகக் கெஞ்சினாரோ, அது முதல் நாளே அவர்களுடைய பதிவேட்டில் ஏறியிருந்தது. சயாமா மேசையைக் கையால் ஓங்கி அறைந்தார். தட்டச்சுச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. "கண்ணாடி உடைஞ்சதைக்கூட எழுதி வெச்சிருக்கான் அண்ணே. என் தம்பி உசிரோட இருக்கானான்னு எழுத மாட்டேங்கிறான்."

தெரியாமல் நடந்த தவறாக இருந்தால் மன்னிக்கலாம். இது தெரிந்து, எழுதி, கோப்பில் சொருகி, பிறகு இல்லை என்று சொன்னது. வாசலில் நின்ற அந்த மரியாதையான எழுத்தரின் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பதிவேடு இருந்தது. அவர் பொய் சொல்வதாக நினைத்திருக்கவே மாட்டார். வேறு பக்கத்தைப் புரட்டவில்லை, அவ்வளவுதான். என்னைப் போல.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சயாமா ஒரு பர்மிய வக்கீலிடம் போனார். எழுத்தில் இருப்பதை இனி மறுக்க முடியவில்லை. தம்பி எந்தச் சிறையில் இருக்கிறான் என்பது மூன்று வாரத்தில் தெரிந்தது. பிடித்த எட்டாம் மாத முடிவில் விட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியைத் தந்துவிட்டார்கள், மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. தம்பிக்கு ஒரு கையெழுத்தும் இல்லை, ஒரு துண்டுத் தாளும் இல்லை. தவறாகப் பிடித்தோம் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், நாளைக்கு இன்னொரு தடுப்பில் இதே பெயருக்காக நிறுத்தினால் காட்ட வேண்டும் என்று சயாமா கேட்டிருக்கிறார். எழுத்தர் உண்மையிலேயே குழம்பிப்போனாராம். "வண்டிக்குத்தான் ரசீது உண்டு. ஆளுக்கு ஏது, சயாமா?"

இதற்குள் நான் அந்த மனைவி எழுதிய பக்கத்தை மட்டும் கோப்பிலிருந்து நீக்கி வேலையை அனுப்பி முடித்திருந்தேன். தம்பி வந்த பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, அந்தப் பக்கத்தைத் தனியாக அனுப்பிச் சேர்த்துக்கொள்ளக் கேட்டேன். தொகுப்பின் வரம்புக்குள் வராது என்று கனிவாகப் பதில் வந்தது. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் அந்தக் கடிதங்களைப் படிக்கலாம். காலணி இருக்கிறது, மாவு இருக்கிறது, குதிரைகளும் இருக்கின்றன. அவள் இல்லை. அதைச் செய்த கை என் கை.

சயாமா ரசீதைத் தானே தயாரித்தார். முகாமிலிருந்து வந்த வண்டிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே வரிசையில், அதே பர்மியச் சொற்களில் எழுதினார். பெறப்பட்டது: ஆண் ஒருவர், வயது முப்பத்தொன்று. எடுத்த நாள், திருப்பித் தந்த நாள். எடுத்தபோது இருந்த நிலை: நல்ல ஆரோக்கியம். திருப்பித் தந்தபோது: ஓயாத இருமல், வலது கை முழுதாக மடங்கவில்லை, பற்கள் இரண்டு இல்லை. குற்றச்சாட்டு: ஏதுமில்லை. கீழே தன் கையெழுத்து. அதை முகாமின் தபால் ஜன்னலில் கொடுத்து, நகலில் 'வரப்பெற்றது' என்ற முத்திரை கேட்டார். அன்று ஜன்னலில் இருந்தவர் படித்துப் பார்க்காமல் ஓங்கி ஒரு குத்துக் குத்திக் கொடுத்துவிட்டார். தேதியோடு, நீல மையில்.

அந்த நகலை மாவ்பிக்குக் கொண்டுபோய்த் தம்பியிடம் தமிழில் படித்துக் காட்டினாராம். வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகியும் அவன் உள்ளே நடந்ததைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ந்துபோன கொடிக்காலில் போய் உட்கார்ந்துகொள்வான், இருட்டினால் வருவான். அன்று முழுதும் கேட்டுவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"பல்லு ரெண்டு இல்லக்கா. மூணு. ஒண்ணு உள்ளுக்கு, கடைவாயில."

முத்திரை விழுந்த தாளில் கைவைக்க முடியாது. மறுநாள் சயாமா அலுவலகம் வந்து, தன் மேசையில் உட்கார்ந்து, திருத்தக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்தார். இன்ன தேதியில் தங்களால் பெற்றுக்கொள்ளப்பட்ட ரசீதில், ஏழாம் வரியில், இரண்டு என்பதை மூன்று என்று திருத்தி வாசிக்கவும். நகலோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மதியம் விடுப்பு வேண்டும் என்றார்.

எடுத்துக்கோங்க என்றேன். பிறகு என் குடையையும் எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் படியிறங்கினேன்.