கோட்டுல கருவாட்டு வாசனை

அத ஏன் கேக்குற ரோசி! பேத்தி பத்திரிகைக்கு எழுதிக்கிறா, நீயும் கேளு. என் பேரன் அந்தோணி இஞ்சினீருல்ல? தொழிற்சாலைய நிர்வாகம் பண்ற மேல்படிப்புக்கு சீமைக்குப் போவணும்னான். கேள்வி கேக்க வெள்ளைக்கார வாத்தியாரே மெட்ராசுக்கு வந்தாரு. அவங்கிட்ட இருந்த ஒரே கோட்ட வெயில்ல காட்டலாமுன்னு நான் கருவாட்டுக் கொடியிலயே போட்டுட்டேன்!

"போச்சு ஆயா, எல்லாம் போச்சு!"ன்னு சோறு தின்னாம, நாறுற கோட்டோடவே போனான். நான் மாதாகிட்ட அழுதுகினு கீறேன்.

வாத்தியாரு மோந்து பார்த்து இன்னா வாசனைன்னாராம். "எங்க ஆயா போட்ட கருவாடு சார்"ன்னானாம். "எங்கப்பாவும் மீன் புடிக்கிறவருதான்"னு சிரிச்சாராம். அப்பால படிப்பப் பத்தி கேட்டு, சீட்டு குட்த்துட்டாரு!

இப்போ அவன் துணிய வூட்டுக்குள்ளதான் காயப்போடறேன். அடுத்த மாசம் கப்பலேறிட்டா காயப்போட அவன் துணி ஏது? அய்யோ, காக்கா கருவாட்டத் தூக்குது, இருடி!