வி.எஸ். காட்டன், ஆவடி

வனஜாவைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால், துணி வியாபாரம் செய்து நொடித்துப் போனவள் என்பார்கள். நொடித்துப் போகவில்லை. நன்றாக ஓடிய கடையை மூடிவிட்டார்கள். அவள் என்ன விற்றாள் என்பதே இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் வீட்டுக்காரர் ஞானசேகரனுக்குக்கூடத் தெரியாது. அவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். பெண்சாதி ஏதோ காட்டன் துணி தைத்து ஆன்லைனில் விற்கிறாள் என்ற அளவில் திருப்தியாக இருந்தார்.

நான் சபீனா, பக்கத்து போர்ஷன். வி.எஸ். காட்டன் என்ற பெயரில் வி அவள், எஸ் நான். நான் வெட்டிக் கொடுப்பேன், அவள் தைப்பாள். பார்சல் கட்டுவதும் போனில் ஆர்டர் பார்ப்பதும் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் வாடிக்கையாளரோடு பேசுகிற வேலையை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள். அதுவும் நல்லதுதான். அந்தப் பேச்சுக்கு வேண்டிய பொறுமை எனக்குக் கிடையாது.

அவள் தைத்தது உள்ளாடை. பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்குச் சிறுநீர் கட்டுக்குள் நிற்பதில்லை. தும்மினால் கசியும், இருமினால் கசியும், குழந்தையைத் தூக்கினால் கசியும். எத்தனையோ பேருக்கு இருக்கிறது, ஒருத்தியும் வாயைத் திறந்து சொல்வதில்லை. வனஜாவுக்கு இரண்டாவது பையன் பிறந்ததிலிருந்து இருந்தது. அப்போது அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஷிஃப்டுக்கு இரண்டு முறைதான் பாத்ரூம், அதற்கும் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஒருநாள் அவள் எழுந்த ஸ்டூலில் ஈரம் இருந்தது. பின்வரிசையில் இருந்தவள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், இன்னொருத்தி சிரித்தாள். அன்று மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவள் திரும்பி உள்ளே போகவில்லை.

முதலில் தனக்கென்றுதான் தைத்தாள். உள்ளே மெத்தென்று பருத்தி மடிப்பு, நடுவில் தண்ணீர் இறங்காத துணி, வெளியே பார்த்தால் சாதாரண உள்ளாடை. துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு அவள் என்னோடு ஒரு கல்யாணத்துக்கு வந்து பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், எத்தனை வருஷம் கழித்து ஒரு விசேஷ வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன் தெரியுமா என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. கடை அந்த அழுகையில் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் சந்தை ஒன்றில் பதிந்தோம். ராத்திரியில் யார் யாரோ எழுதுவார்கள். டீச்சர், போலீஸ்காரி, கடையில் நின்றபடி வேலை செய்கிற பெண். முதலில் துணியைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கொட்டுவார்கள். வனஜா ஒவ்வொருத்திக்கும் பதில் போடுவாள். இது சரியாகக்கூடியது, ஆஸ்பத்திரியில் காட்டு, பயிற்சி சொல்லித் தருவார்கள் என்று எல்லோருக்கும் எழுதுவாள். விற்கிறவள் இப்படிச் சொன்னால் வியாபாரம் உருப்படுமா என்று நான் திட்டுவேன். ஆனால் அது உருப்பட்டது.

ஒரே ஒரு நிபந்தனைதான் எல்லோரும் சொல்வது: வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. அதனால் பார்சலின் மேல் காட்டன் துணி என்று மட்டும் இருக்கும். கார்டில் பணம் கட்டினால் வங்கிக் கணக்கில் வி.எஸ். காட்டன், ஆவடி என்று மட்டும் வரும். பெண்களின் மானத்துக்காகச் செய்த இந்தக் காரியம்தான் எங்கள் தலையில் விடிந்தது.

எப்படி என்றால், கார்டு பெரும்பாலும் புருஷனுடையது. அவன் குளிக்கும்போது அவன் போனில் வரும் ஓடிபியைப் பார்த்து இந்தப் பெண்கள் போட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் அவன் கணக்கைப் பார்ப்பான். ஆவடியில் நான் எந்தக் காட்டனும் வாங்கவில்லையே, யாரோ திருடிவிட்டான் என்று வங்கிக்குப் புகார் கொடுப்பான். பெண்டாட்டி பக்கத்தில் நின்று வாயைத் திறக்க மாட்டாள். வங்கி எங்களுக்கு வந்த பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். சந்தைக்காரர்கள் எங்களிடம் ஆதாரம் கேட்பார்கள்.

விற்பனையாளர் பாதுகாப்பு என்று அவர்கள் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். படித்தால் சொந்த அண்ணன் போல இருக்கும். பொருளை அனுப்பியதற்கும் வாங்கினவர் கையில் சேர்ந்ததற்கும் ஆதாரம் கொடுத்தால் உங்கள் பக்கம் நிற்போம் என்கிறது. ஆனால் ஆதாரம் கொடுக்கப் போனால், கூரியர் ரசீதில் இருக்கும் கையெழுத்துக் கிறுக்கலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, வாங்கினவரோடு நடந்த உரையாடலை முழுசாக, ஒரு வரி மறைக்காமல் அனுப்பு என்பார்கள். அனுப்பினால் அது வங்கி வழியாகக் கார்டுக்காரன் கைக்கே போகும். இரண்டு முறை இப்படி வந்தது. இரண்டு முறையும் வனஜா அனுப்ப மாட்டேன் என்று பணத்தை விட்டுவிட்டாள். மூன்றாவதும் தோற்றால் கடை நிரந்தரமாக மூடப்படும் என்று எச்சரிக்கை வந்தது.

மூன்றாவது பவித்ரா. சென்னீர்குப்பத்தில் பெரிய அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறாள். நாமக்கல் பக்கத்துப் பெண், புருஷன் கௌதம் ஐ.டி.யில் வேலை, கைக்குழந்தை. அவள் வனஜாவுக்கு எழுதியதெல்லாம் போனில் இருந்தது. மாமியார் ஊரிலிருந்து வந்தால் சோபாவை முகர்ந்து பார்ப்பதாக எழுதியிருந்தாள். புருஷன் பக்கத்தில் படுக்கப் பயந்து, குழந்தை அழுகிறது என்று சாக்குச் சொல்லி ஹாலில் படுப்பதாக எழுதியிருந்தாள். பார்சல் கிடைத்த அன்று, கிடைத்துவிட்டது அக்கா, பிரசவத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் கோயிலுக்குப் போனேன் என்று எழுதியிருந்தாள்.

கடையைக் காப்பாற்ற அந்த ஒரு வரி போதும். ஆனால் முழு உரையாடலும் அதோடு சேர்ந்துதான் போகும். திங்கட்கிழமை வரை அவகாசம் இருந்தது.

நான் அனுப்பு என்றேன். கடை போனால் உனக்கு வேறு என்ன தெரியும், மறுபடி ஏதாவது கம்பெனிதான், மறுபடி டோக்கன்தான் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் புடவையை மாற்றிக்கொண்டு, அந்தப் பெண்ணை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வருவோம் என்றாள். பார்சலில் ஒட்டிய விலாசம் எங்களிடம் இருந்தது. பூந்தமல்லி பஸ் பிடித்துக் கரையான்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். வாட்ச்மேனிடம் துணி கொடுக்க வந்ததாகச் சொல்லி உள்ளே போனோம்.

போகும் வழியெல்லாம் வனஜா கோபமாகத்தான் இருந்தாள். உன் மானம் பெரிசென்றால் என் சோறு சின்னதா என்று கேட்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பவித்ரா கதவைத் திறந்ததும், நாங்கள் யார் என்று தெரிந்து அவள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள். எங்களைச் சோபாவில் உட்காரச் சொல்லிவிட்டு, நாங்கள் இருந்த நேரமெல்லாம் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். வாங்கியதில் ஒன்று துவைத்துக் காய்கிறது, ஒன்று அழுக்கில் கிடக்கிறது என்றாள். அவ்வளவுதான், வனஜாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளும் சொந்தக்காரர் வீட்டில் வருஷக்கணக்காக அப்படித்தான் நின்றவள்.

"உன் ஊட்டுக்காரர்கிட்ட நீயே சொல்லிடும்மா," என்றாள். "இன்னா வாங்கினன்னு சொல்ல வேணாம். துணி வாங்கினேன், மறந்துட்டேன்னு சொல்லு. புகாரை வாபஸ் வாங்கினா போதும். எனக்குக் கடை நிக்கும்."

பவித்ரா தலையாட்டினாள். கண்டிப்பாகச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பார், அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாள். குழந்தையின் தலைமேல் கையை வைத்துச் சொன்னாள். எனக்கு அந்தச் சத்தியம் பிடிக்கவில்லை. பிள்ளைமேல் சத்தியம் செய்கிறவளை நம்பாதே என்று படியிறங்கும்போதே சொன்னேன். சின்னப் பெண், பயந்திருக்கிறாள், ஆனால் சொல்லிவிடுவாள் என்றாள் வனஜா.

ஞாயிறு முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. திங்கள் மதியம் நான் அந்த உரையாடலை எல்லாம் படமெடுத்து ஏற்றி, அனுப்பும் பொத்தானை அழுத்துவது மட்டும் பாக்கி என்று வைத்திருந்தேன். வனஜா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்தாளு இதப் படிச்சான்னா அவ அந்த ஊட்ல இருக்க முடியுமா? என் புருஷன் கையில இது போனா நான் இன்னா பண்ணுவேன், அத யோசிச்சியா நீ?"

நான் அதை யோசிக்கவில்லை, கடையைத்தான் யோசித்தேன் என்றேன். இன்னும் நேரம் இருக்கிறது, அவள் சொல்லிவிடுவாள் என்று வனஜா மறுபடியும் சொன்னாள். சாயங்காலம் அவகாசம் முடிந்தது. வாடிக்கையாளர் வீட்டில் யாரும் பொருளைப் பெறவில்லை என்று எழுத்துமூலம் தெரிவித்திருப்பதால் முடிவு அவர்கள் பக்கம் என்று வந்தது. சற்று நேரத்தில் கடைப் பக்கமே திறக்கவில்லை.

கடையோடு பழைய உரையாடல்களும் போயின. சந்தைக்காரர்கள் வாடிக்கையாளரின் போன் நம்பரை எங்களுக்குக் காட்டுவதில்லை. விலாசத்துக்குக் கடிதம் போட்டால் வீட்டில் தெரிந்துவிடும். எங்களிடம் வாங்கின அத்தனை பெண்களும் ஒரே சாயங்காலத்தில் காணாமல் போனார்கள். ஒரு டீச்சர் அன்று காலையில்தான், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நான்கு வேண்டும் என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பதில் போடக்கூட வழியில்லை. வனஜா அதற்குத்தான் அதிகம் அழுதாள். வேறு பெயரில் கடை திறக்கலாமென்று பார்த்தோம். அதே ஆதார், அதே வங்கிக் கணக்கு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் பெயரில் செய்யலாம் என்றேன். உன் பெயரும் கெட வேண்டாம் என்றாள்.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே டோக்கன் இல்லை, லைனை விட்டுப் போனால் பின்னால் பெட்டிகள் குவியும், அவ்வளவுதான். அவள் தைத்த உள்ளாடை கசிவைத் தாங்கும், ஷிஃப்டு முழுவதையும் தாங்காது. காலையில் எழுந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். மதியத்திலும் குடிப்பதில்லை. ஆடி மாதத்தில் காய்ச்சல் வந்து, சிறுநீரில் கிருமி என்று டாக்டர் ஊசி போட்டார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். நான் டாக்டரைத் திட்டுவதா அவளைத் திட்டுவதா என்று தெரியாமல் இருவரையும் திட்டினேன்.

காய்ச்சலில் அவள் வீட்டில் இருந்த நாளில்தான் பவித்ரா வந்தாள். ஆவடி பஸ் ஸ்டாண்டிலிருந்து வி.எஸ். காட்டன் எங்கே என்று விசாரித்து விசாரித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்திருந்தாள். ஆன்லைனில் கடையைத் தேடினால் வரவில்லை, வாங்கின இரண்டும் நைந்துவிட்டன, இன்னும் இரண்டு வேண்டும் என்றாள். வனஜா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். உள்ளே வா என்று சொல்ல வாயெடுத்திருப்பாள். நான் முந்திக்கொண்டேன்.

கடை எப்படிப் போனதென்று தெரியுமா என்று கேட்டேன். உனக்காக இவள் ஆதாரத்தை அனுப்பவில்லை, அந்த ஒரு புகாரில் எல்லாம் போயிற்று, இப்போது கம்பெனியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்று நோயில் விழுந்திருக்கிறாள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நீ சொல்லியிருந்தால், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்றேன். அவளுக்கு இது தெரிந்திருக்காது, கேட்டதும் துடித்துப்போவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. வனஜாவைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியுங்க்கா. பார்சல் வரலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டதே நான்தான். ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு போனேன். அவர் பேப்பரை நீட்டினார். போட்டுட்டேன்."

குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, ஒன்று இருந்தால்கூடப் போதும், பணம் கையோடு கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். வெட்கம் கெட்டவள் என்று திட்ட எனக்கு வாய் வந்தது. ஆனால் வெட்கப்பட்டே செத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியை எப்படி அப்படிச் சொல்வது.

"இல்லம்மா," என்றாள் வனஜா. "எல்லாம் தீந்துபோச்சு."

பவித்ரா மறுபடி கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் சுடிதாரின் பின்பக்கத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது. கடை மூடிய அன்று விற்காமல் நின்ற சரக்கு, நான்தான் கட்டித் தள்ளி வைத்தேன். அதில் பவித்ராவின் அளவிலும் இருந்தது. அத்தனை கோபத்திலும் எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தேன்.

வனஜா காலை நீட்டி மூட்டையை உள்ளே தள்ளினாள்.

"கீது சபீனா. அவளுக்கு இல்ல."

இத்தனை வருஷத்தில் அவள் ஒருத்திக்கு இல்லையென்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் மூட்டையை விட்டுவிட்டேன்.