புதன்கிழமை வயிற்று வலி

என் சித்தி உயர்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில், கையில் பதிவேடு. இருபது வருடமாகப் பதிவேட்டுக்குத்தான் வேலை. ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பெண்கள். புதன்கிழமை மூன்றாவது பீரியடில் முப்பத்தொரு பேருக்கு வயிற்று வலி வரும். நான்காவது பீரியட் மணி அடித்ததும் மாயமாகிவிடும்.

பெண்கள் சொல்லும் காரணத்தை அப்படியே எழுதுகிறவள் சித்தி. இந்த வருடம் சுகாதார நிலையத்துக்குப் போகும் மருத்துவப் படிவத்தோடு அந்தப் பக்கங்களையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். பதறிப்போன ஒரு டாக்டரம்மா, பள்ளித் தண்ணீர்த் தொட்டியைச் சோதிக்க வந்து இறங்கினார்.

தொட்டி சுத்தமாக இருந்தது.

"வியாழக்கிழமை வலிக்காதாம்மா?" என்று டாக்டர் கேட்க, பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் மைதானத்துக்கு எதிர் வராந்தாவைக் கண்ணால் காட்டினாள். மூன்று நாற்காலி, மூன்று சார்கள், மூன்று டீ.

"ஓடினா 'பூமி அதிருதும்மா'ங்கறாங்க டாக்டர். துணி மாத்தற ரூம் பூரா உடைஞ்ச பெஞ்சு. வயிறு வலிக்காம என்ன செய்யும்?" என்றாள்.

டாக்டர் போனதும் தலைமையாசிரியை ஒரு நொடியில் தீர்வு கண்டார்.

"பொண்ணுங்களுக்கு விளையாட்டுல ஆர்வம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பீரியடைக் கணக்கு சாருக்குக் கொடுத்துடலாம்."

"அப்ப நான் மேடம்?"

"லைப்ரரில தூசி தட்ட ஆளில்லை."

"ஒரு புதன்கிழமை டைம் கொடுங்க."

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து சித்தி வீட்டு சோபாவில் கிடந்த என்னைத் தட்டி எழுப்பினாள். "மூட்டை சுமந்து பழகினவதானே? எந்திரிடி."

சனிக்கிழமை முழுக்க இருவரும் பெஞ்சு சுமந்தோம். அறை காலியாயிற்று; உள்ளே புதுத் தாழ்ப்பாள். பெஞ்சுகளை வராந்தாவில், நாற்காலிகள் இருந்த இடத்தில், கூரை முட்ட அடுக்கினோம். அங்கிருந்து மைதானம் கண்ணிலேயே படவில்லை.

திங்கட்கிழமை கணக்கு சார் டீக் கோப்பையோடு திகைத்து நின்றார்.

"நாங்க எங்க டீச்சர் உட்கார்றது?"

"உட்காருவானேன் சார், மைதானத்துக்கு வாங்க. பூமி அதிராம நான் பிடிச்சுக்கறேன்."

புதன்கிழமைப் பதிவேட்டில் வயிற்று வலி நான்கு. மற்றவர்கள் ஓடினார்கள். பந்தில் காற்றில்லை, ஆனாலும் உதைத்தார்கள். சித்தி அந்தப் பக்கத்தை மேடம் மேசையில் வைத்தாள்.

மேடம் வலிகளை எண்ணிப் பார்த்தார். "சரி, பீரியட் உங்களுக்கே இருக்கட்டும். வராந்தாவை எப்ப காலி பண்ணுவீங்க?"

"சார்களுக்கு வேற எதுலயாவது ஆர்வம் வரட்டும் மேடம்."