கைக்குழந்தைக்கு டிக்கெட் வாங்கித் தந்த முருகேசன்

புதன்கிழமை காலை போர்ட் பிளேரில், டெலானிபூர் அலுவலகத்தில் டீயைக் கையில் எடுத்தபோதுதான் கார் நிக்கோபார் தீவிலிருந்து போன் வந்தது. கப்பல் டிக்கெட் கவுன்டரில் இருந்த முருகேசன் போய்விட்டார். மாரடைப்பு. அவருக்கு என் வயதுதான். செய்தி சொன்னவரையே “சும்மா உளறாதீங்க” என்று அதட்டினேன். கோபப்படுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? அந்தக் கோபத்தை முருகேசனைப் போலப் பொறுத்துக்கொண்டவர் யாருமில்லை.

அவரிடம் டிக்கெட் எடுத்த உங்களுக்கெல்லாம் தெரியும். பேச்சை இந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். வரிசை எவ்வளவு நீண்டாலும் முகம் சுளிக்கமாட்டார். அவர் கணினியில் நிரப்பும் டிக்கெட் படிவத்துக்கு நிரல் எழுதியவள் நான்.

ஒரு நாள் மதியம் போனில் கூப்பிட்டார். எட்டு மாதக் குழந்தை, இறங்காத காய்ச்சல், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் சீட்டு எழுதிவிட்டார். கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம்கூட இல்லை. அதை விட்டால் நாலு நாள் காத்திருக்க வேண்டும். படிவமோ ‘வயதை நிரப்பவும்’ என்று அடம்பிடிக்கிறது.

“வயசைப் போட்டீங்களா, இல்லையா?” என்று எரிந்து விழுந்தேன்.

“போட்டேன் மேடம்ஜி. ஒரு வயசு ஆகலைன்னா சைபர்தானே?”

“இப்போதைக்கு ஒண்ணுன்னு போட்டுத் தொலைங்க.”

“நஹி மேடம்ஜி. சீட்டுல எட்டு மாசம்னு இருக்கு. வயசு ஒத்துப்போகலைன்னா ஜெட்டியில கப்பல்ல ஏத்தமாட்டாங்க. பச்சா என் கண்ணு முன்னாடி அழுவுது. உங்க மெஷின்தான் யாருமே இல்லேங்குது.”

அட கடவுளே! படிவத்தின் பெட்டியில் தட்டுவது கணினிக்கு முதலில் வெறும் எழுத்து. அதை எண்ணாக மாற்றிவிட்டு, ‘வயது உண்டா?’ என்று ஆம்-இல்லைக் கேள்வி கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் சைபருக்கு வரும் விடை ‘இல்லை’. பூலியன் என்ற ஆம்-இல்லைக் கணக்குப் பாடத்தில் முதல் வாரமே சொல்லித்தருவது இது. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை தட்டிப் பார்த்த மகா புத்திசாலி நான், சைபரைத் தட்டிப் பார்க்கவே இல்லை.

பெட்டி காலியா, காலியில்லையென்றால் தட்டியது எண்தானா, எண் என்றால் சைபருக்குக் குறையாததா என்று தனித்தனியாகப் பிரித்து எழுதினேன். அவர் போனை வைக்கவில்லை. “ஆராம் சே மேடம்ஜி, நிதானமா பண்ணுங்க. கொஞ்சம் காத்திருக்கச் சொல்லி ஜெட்டிக்கு ஆள் அனுப்பிட்டேன்” என்றார். டிக்கெட் வந்தது. குழந்தை கப்பலேறியது.

அடுத்த மாதம் லீவில் இங்கே டெய்ரி ஃபார்ம் பகுதியிலுள்ள தங்கை வீட்டுக்கு வந்தவர், குழந்தை தேறிவிட்டதைச் சொல்ல என்னிடம் நேரில் வந்தார். என் தவறைப் பற்றி மேலிடத்தில் மூச்சுவிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “அரே, விடுங்க. நான் போன் பண்ணேன், நீங்க எடுத்தீங்க. அது போதும்” என்றார்.

அன்றிலிருந்து என் சோதனைப் பட்டியலின் முதல் பயணி அவர்தான். பெயர் முருகேசன், வயது சைபர். எந்தப் படிவமும் அவரை ஏற்றிக்கொண்ட பிறகே என் கையைவிட்டுப் போகும். நேற்றும் ஒன்றை எழுதி முடித்தேன். பெயரைத் தட்டும்போது அழுகை முட்டியது. அழுதுகொண்டே சைபரைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது.