முல்லைத் தெருவை அடித்த பேனா

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது. ஒரு நாளிதழில் பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வாசகர்களின் குறைகள் வெளியாகும் பகுதிக்கு நான் பொறுப்பாசிரியை. இப்போதும் அதே நாற்காலிதான். இரண்டு பக்கக் கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

செந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தையல் வேலை செய்யும் பெண் ஒருவர், முல்லைத் தெருவில் இருபது நாளாகக் குடிநீர் வரவில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஊரில் அப்படியொரு தெருவை நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பகுதி நிருபருக்குப் போன் போட்டேன். அது காலனிதான், அப்படிப் போட்டால்தான் எல்லாருக்கும் புரியும் என்றார். முல்லைத் தெருவை அடித்துவிட்டுக் காலனி என்று எழுதி அச்சுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட இல்லை.

வெளியான நான்காம் நாள் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாரம் அந்தப் பெண் போன் செய்தார். பாராட்டு வரப்போகிறது என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். நன்றி சொன்னார்.

"மேடம், நான் காலனின்னு எழுதலீங்களே."

பிறகு நிதானமாக விவரம் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே தலைமுறை தலைமுறையாக அவர்களை ஒதுக்கிப் பேசியிருக்கிறார்கள். தெருப் பெயரை முல்லைத் தெரு என்று மாற்றச் சொல்லி மூன்று வருடம் மனுவோடு அலைந்திருக்கிறார்கள். கையெழுத்தாக வேண்டிய நேரத்தில் அலுவலகத்தில் ஒருவர் எங்கள் பேப்பரை எடுத்துப் போட்டு, நீங்களே காலனி என்றுதானே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டு மனுவை ஓரமாக வைத்துவிட்டாராம். கடிதத்தின் கீழே அந்தப் பெண்ணின் பெயரல்லவா இருந்தது!

"பாப்பா காலேஜ்ல சேர்றதுக்குள்ள மாத்திடலாம்னு இருந்தோம். இனிமே பழைய அட்ரஸ்தான் போட்டுக் குடுக்கணும். சரி, விடுங்க மேடம்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவர் திட்டவே இல்லை. வெட்கத்தோடு அவருடைய கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

எங்கள் வழக்கப்படி திருத்தம் என்றால் மூலையில் ஒரே ஒரு வரிதான். நான் மறுநாள் அவருடைய கடிதத்தை ஓர் எழுத்துகூடக் குறைக்காமல் போட்டேன். காலனி என்று எழுதியது அவரல்ல, நான்தான் என்று கீழே சேர்த்தேன். இதற்கா இவ்வளவு இடம் என்று மேலதிகாரி கடிந்துகொண்டார். கேட்டுக்கொண்டேன், தப்பு என்னுடையது.

அந்தப் பேப்பரைக் காட்டி மனுவை மறுபடி நகர்த்த இரண்டு மாதம் ஆனது. முல்லைத் தெரு என்று பெயர்ப் பலகையும் வைத்துவிட்டார்கள். ஆனால் மகளின் கல்லூரி விண்ணப்பம் அதற்குள் பழைய முகவரியோடு போய்விட்டிருந்தது.

இப்போதும் கடிதங்களை வெட்டத்தான் செய்கிறேன். தெருப் பெயரில் சந்தேகம் வந்தால் மட்டும் எழுதியவருக்கே போன் போட்டுக் கேட்கிறேன். அப்படிக் கேட்கும்போதெல்லாம், நான் பார்த்தேயிராத அந்த மகள் விண்ணப்பத்தில் அந்த வார்த்தையை எழுதியிருக்கும் நிமிஷம் கண்முன் வந்து என் பேனாவைப் பிடித்துக்கொள்கிறது.