நிரம்பிய டாங்க்

நார்பர்ட் ஜிலின்ஸ்கிக்கு எதிர்வீட்டு லைல் பாஸ்கோமைக் கண்டால் ஆகாது. லைல் அவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பனிக்காலத்தில் தன் வாசலோடு இவர் வாசல் பனியையும் வாரிப் போட்டுவிட்டுப் போகிற மனிதர். ஆனால் லைலிடமும் ஒரு பான்டியாக் ஜிடிஓ கார் இருந்தது. நார்பர்ட்டிடம் இருக்கும் அதே அறுபத்தேழாம் வருஷத்து வண்டி. ஒரே தெருவில் அப்படி இரண்டு நின்றால் யாராவது ஒருவருக்குத் தூக்கம் கெடத்தான் செய்யும். கெட்டது நார்பர்ட்டுக்கு.

நியாயமாகப் பார்த்தால் பொறாமைப்பட வேண்டியவர் லைல்தான். நார்பர்ட்டின் வண்டி கருஞ்சிவப்பு. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஃப்ளின்ட் பக்கத்துக் கார் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர், கையோடு இந்த வண்டியைத் திருகு திருகாகக் கழற்றி, பிறந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் பூட்டினார். அந்தக் காலத்துத் தொழிலாளி அவசரத்தில் சொட்டவிட்ட பெயின்ட்டைக்கூட, பழைய போட்டோவைப் பார்த்து, அதே இடத்தில் அதே அளவுக்குச் சொட்டவிட்டார். எஞ்சினில் பொறித்த எண்ணும் வண்டியின் எண்ணும் ஒத்துப்போகும். இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு அது ஜாதகப் பொருத்தம் மாதிரி.

லைலின் வண்டி பச்சை, அதுவும் பாதிதான் பச்சை. கதவில் நசுங்கல், சீட்டில் காப்பிக் கறை, எஞ்சின் வேறு எதிலிருந்தோ பிடுங்கி வைத்தது. அதில்தான் அவர் பால் வாங்கப் போவார், சர்ச்சுக்குப் போவார், மழையிலும் போவார்.

ஆகஸ்ட் மாதக் கார் கண்காட்சியில் முதல் பரிசு எப்போதும் நார்பர்ட்டுக்குத்தான். வண்டியை இழுவைக் கம்பி போட்டு டிரெய்லரில் ஏற்றி வருவார். அதே கம்பியால் இறக்குவார். நடுவர்கள் டார்ச்சும் கண்ணாடியும் வைத்து அடிவயிறு வரை பார்ப்பார்கள். எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கேட்கும் வழக்கம் அந்த ஊர் நடுவர்களுக்கு இல்லை. ஜனங்கள் வருவார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 'அடேயப்பா' என்பார்கள், அடுத்த நிமிஷம் லைல் பக்கம் போய்விடுவார்கள். லைல் வருகிறவர்களை எல்லாம் உள்ளே உட்காரவைத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்வார். அந்த உறுமலுக்கு இன்னும் பத்துப் பேர் ஓடி வருவார்கள். நார்பர்ட் மடக்கு நாற்காலியில், மடியில் பரிசுக் கோப்பையோடு, வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதையாவது பொறுத்துக்கொண்டார். ஐரீன் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஐரீன் அவர் மனைவி. வண்டி தயாரான நாளிலிருந்து அவள் அதில் ஒரு தடவைகூட ஏறியதில்லை; அவர் ஏறவிட்டதில்லை. சீட்டின் தையல் தளர்ந்துவிடும், ஓடுகிற ஒவ்வொரு மைலும் மதிப்பைக் குறைக்கும் என்பார். மின்சாரக் கார் ஓட்டும் மகள் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருபது வருஷத்துல பெட்ரோல் வண்டியே இருக்காது, ஐரீன். அன்னிக்கு இது ஒண்ணுதான் புதுசா நிக்கும், பாரு."

"யாரு பாக்குறது? உனக்கு இப்பவே எழுபத்தி மூணு ஆகுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐஸ்கிரீம் வாங்கப் போன லைல் அவளையும் கூப்பிட்டார். போய்விட்டுத் தலைமுடியெல்லாம் கலைந்து, சிரித்த முகமாக வந்து இறங்கினாள். நார்பர்ட் இரண்டு நாள் பேசவில்லை. சந்தேகம் எல்லாம் ஒன்றும் கிடையாது. லைலுக்கு இரண்டு முழங்காலும் செயற்கை. அவரை நம்பி யாரும் ஓடிப்போக மாட்டார்கள். நார்பர்ட் பொறாமைப்பட்டது அந்தக் கலைந்த தலைமுடியைப் பார்த்துத்தான்.

அந்த வருஷம் ஊர்க் கடைத்தெருவின் கடைசிப் பெட்ரோல் பங்கை மூடிவிட்டு, மின்சாரம் ஏற்றும் கம்பங்கள் நடப்போவதாக முடிவாகியிருந்தது. கண்காட்சிக் குழு அதற்கொரு வழியனுப்பு விழா வைத்தது. முதல் பரிசு வண்டி முன்னால் போக, மற்றவை ஊர்வலமாகப் பின்தொடர வேண்டும். பங்கின் கடைசி கேலன் பெட்ரோல் அந்த முதல் வண்டிக்குத்தான். போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். நார்பர்ட் அந்தப் போட்டோவுக்காகச் சுவரில் ஆணியே அடித்துவிட்டார். லைலுக்கு அது கிடைக்காது என்பதே அவருக்குப் பாதி சந்தோஷம்.

பரிசு வந்தது. பேண்டு வாத்தியம் தொடங்கியது. நார்பர்ட் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, இன்னொரு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது. எத்தனை தடவை திருப்பியும் அவ்வளவுதான். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் உறுமிக்கொண்டு காத்திருந்தன. லைல் இறங்கி வந்து எஞ்சின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"வார்னிஷ் நாத்தம் அடிக்குதே. எப்பப் போட்ட பெட்ரோல்யா இது?"

டாங்கில் காற்று இருந்தால் துருப்பிடிக்கும் என்று நாலைந்து வருஷத்துக்கு முன்னால் நார்பர்ட் கழுத்து வரை நிரப்பி வைத்தது. ஓட்டாத வண்டியில் பெட்ரோலும் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வண்டி கெடக்கூடாது என்ற கவலையில் அதை மறந்தே போனார்.

லைல் தன் டிக்கியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து வந்தார். வேண்டாம் என்று சொல்ல நார்பர்ட்டுக்கு வாய் வந்தது. அந்த ஆணியும் ஞாபகம் வந்தது. கயிற்றைக் கட்டவிட்டார். நடைபாதையில் நின்ற ஐரீன் இவரைப் பார்த்தாள், லைலைப் பார்த்தாள், பச்சை வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆக, கடைத்தெரு நெடுக முதல் பரிசு வண்டி கயிற்றில் இழுபட்டுப் போனது. செத்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன் வண்டியில் மனைவியின் தலைமுடி பறப்பதைப் பார்த்தபடியே நார்பர்ட் போனார். அவளும் லைலும் எதற்கோ சிரித்தார்கள். என்னவென்று தெரியாதது அவரை இன்னும் வதைத்தது.

பங்க்காரர் குழாயை மரியாதையாக அவர் கையில் கொடுத்தார். நார்பர்ட் பின்பக்க நம்பர் பலகையை மடக்கி, அதற்குப் பின்னால் இருந்த டாங்க் மூடியைத் திறந்து குழாயை வைத்தார். டக்கென்று நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார், பளபளத்த பம்பர் மேல் பெட்ரோல் வழிந்தது. கேமராக்கள் எல்லாம் அவர் பக்கம்தான் இருந்தன.

"டாங்க் ஃபுல்லா இருக்கே, சார்," என்றார் பங்க்காரர், மெதுவாகத்தான்.

லைல் தன் வண்டியின் டாங்க் மூடியைத் திறந்துவிட்டு விலகி நின்றார். "இதுல ஊத்து, நார்ப். பரிசு உன்னுதுதானே, உன் கையாலயே ஊத்து."

கடைசி கேலனை நார்பர்ட் தன் கையால் பச்சை வண்டிக்கு ஊற்றினார். அந்தப் போட்டோதான் பத்திரிகையில் வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

திரும்பும்போது லைல் சாவியை அவரிடம் நீட்டினார். தன் முழங்கால் கெஞ்சுவதாகவும், பின்னால் கயிற்றில் வரும் வண்டியில் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வருவதாகவும் சொன்னார். அது பொய் என்று ஐரீனுக்கும் தெரியும். நார்பர்ட் காப்பிக் கறை மேல் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது. அந்த உறுமல் முதுகெலும்பு வரை ஏறியது. பக்கத்தில் ஐரீன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சாய்ந்தாள். எத்தனையோ வருஷமாக மனதுக்குள் பூட்டி வைத்திருந்த ஆசை இதுதான் என்று அவருக்கே அப்போதுதான் பட்டது.

அத்தோடு, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டார். அதில் அவருடைய கருஞ்சிவப்பு வண்டி மாலை வெயிலில் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது. அது தெருவில் ஓடி அவர் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் ஜனங்கள் அதற்குத்தான் கைதட்டினார்கள். அவர் யாரையும் உட்காரவிடாத அந்த சீட்டில் லைல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் கையசைத்து வந்தார்.

நார்பர்ட்டின் கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"முன்னாடி பாத்து ஓட்டு, நார்ப்," என்றாள் ஐரீன்.