திரைக்கு வெளியே வந்த கை

பழைய பச்சைச் சேலையைக் கிழித்துத் தைத்த திரை அது. அதற்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியாக ஒரு நாள் ஒரு கை வெளியே வந்தது. அந்த அம்மாவிடம் நான் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான். முகத்தைக் கடைசிவரை பார்த்ததில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கம்பம் பக்கத்து கஜானா ஆபீஸ் ஒன்றில் நான் பென்ஷன் குமாஸ்தாவாக இருந்தேன். சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். ரிஜிஸ்தரில் உள்ள மச்சத்தையும் தழும்பையும் நான் வாசிக்க, பல் போன கிழவர்கள் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. வேலையில் சேர்ந்த அன்றே தலைமை குமாஸ்தா என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார். "ஏலே, செத்தவனை உசிரோட இருக்கான்னு எழுதிப்புட்டு எங்கிட்டோ ஒருத்தன் ஜெயிலுக்குப் போனான். பிணத்துக்கு உசிரு குடுத்தே, நீ பிணந்தேன்." நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. போதாக்குறைக்கு வீட்டில் மனைவி நிறைமாதம்.

அந்த அம்மா ஒரு வனக்காவலரின் விதவை. கூடலூருக்கு மேலே காட்டில் ரோந்து போன இடத்தில் யானை மிதித்துக் கணவர் இறந்துபோனதால் அந்த அம்மாவுக்குப் பென்ஷன் வந்தது. அவரும் கல்யாணமாகாத மகளும் அதை வைத்துத்தான் உலை ஏற்றினார்கள். அந்நிய ஆண்கள் முன்னால் வராத கோஷாப் பெண்கள் ஆபீஸுக்கு வர வேண்டியதில்லை என்பதால் நான்தான் கம்பத்தில் அவர்கள் வீட்டுக்குப் போவேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மூன்று கேள்விகள் கேட்பேன்: கணவர் பெயர் என்ன, எந்த ஊர், எப்படி இறந்தார். குரலைக் கேட்டதும் 'உயிருடன் உள்ளார்' என்று எழுதிவிடுவேன். விதியில் அப்படி எங்கும் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்துவந்த வழக்கம், நானும் செய்தேன்.

கணீரென்ற குரல் அது. "தம்பி, செத்துப் போனா உங்க ஆபீசுல சொல்லாமயா போயிருவேன்?" என்று என்னையே கேலி செய்வார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் "யானை" என்ற ஒரு சொல்தான் வரும். அதற்குமேல் நானும் கேட்பதில்லை.

மூன்றாம் வருஷம் குரல் மாறியிருந்தது. சன்னமான, இளம் குரல். பெயரையும் ஊரையும் சரியாகத்தான் சொன்னது. மூன்றாவது கேள்விக்கு, "யானை மிதிச்சு மவுத்தாயிட்டாக" என்று பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல மூச்சு விடாமல் சொல்லி முடித்தது.

உள்ளே அந்த அம்மா இல்லை என்றே நினைத்தேன். எழுதிக் கொடுத்தால் ஜெயில். எழுதாவிட்டால் இந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். ரிஜிஸ்தரைப் புரட்டினேன். 'இடது கட்டைவிரலில் அரிவாள் வெட்டுத் தழும்பு' என்றிருந்தது. "இடது கையைக் காட்டச் சொல்லுங்க" என்றேன். உள்ளே விசும்பல் கேட்டது. திரைக்கு அடியில், தரையோடு தரையாக, அந்தக் கை ஊர்ந்து வந்தது.

எலும்பும் தோலுமான கை. கட்டைவிரலில் தழும்பு இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்குத் தொண்டையில கட்டி" என்றாள் மகள், திரைக்குப் பின்னாலிருந்து. "ரெண்டு மாசமாப் பேச்சு இல்ல. நீங்க குரலைத்தானே கேட்டு எழுதுவீக? பேச்சு இல்லாட்டி ஆளே இல்லைன்னு எழுதிருவாகன்னு அம்மாதேன் என்னைப் பேசச் சொன்னாக."

நான் அவர்களுக்குப் பயந்துகொண்டு வெளியே நிற்க, அவர்கள் எனக்குப் பயந்துகொண்டு உள்ளே கிடந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. "போதும்மா, கையை எடுத்துக்கிருங்க" என்றேன். எடுக்கவில்லை. நான் எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அந்தக் கை உள்ளே போனது.

நாலு மாதம் கழித்து ஆபீஸ் வாசலில் முக்காடிட்ட ஒரு பெண் வந்து நின்றாள். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. "நேத்து அம்மா மவுத்தாயிட்டாக. அடுத்த தடவை அந்தத் தம்பி வீட்டுக்கு வந்து பயந்துக்கிட்டு நிக்க வேணாம், ஆபீசுல சொல்லிருன்னு முன்னாடியே சைகையில சொல்லியிருந்தாக." பென்ஷன் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தாள்.

இப்போது நானும் பென்ஷன்காரன். வருஷா வருஷம் ஒரு சின்னப் பையன் முன்னால் போய் நிற்கிறேன். ரிஜிஸ்தரில் எனக்கு அடையாளம், வலது மணிக்கட்டில் ஒரு மச்சம். தோல் சுருங்கி, அது இருக்கிற இடம் எனக்கே சரியாகத் தெரிவதில்லை. மேஜைமேல் கையை நீட்டும்போது நடுங்குகிறது. "போதும் பெரியவரே, எடுத்துக்கங்க" என்கிறான் பையன், நல்ல பிள்ளை. அவன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நான் கையை எடுப்பதில்லை.